மனிதர் வாசிக்கக் கூடாது, கணினி வாசிக்கலாம்: இங்கிலாந்தின் அடிப்படைத் திறன் தேர்வுகளில் விலக்கு

இங்கிலாந்தில் பதினாறு வயதைக் கடந்தவர்களின் எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் சான்று வழங்கும் ‘ஃபங்ஷனல் ஸ்கில்ஸ்’ தேர்வுகளின் விதிகளில், முதல் முறை படிக்கும் எவரையும் நிறுத்தி யோசிக்க வைக்கும் ஓர் இடம் இருக்கிறது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள ஒருவர் கணிதத் தேர்வு எழுதும்போது, வினாத்தாளை அவருக்கு உரக்க வாசித்துக் காட்ட ஓர் ஆளை அமர்த்த அனுமதி கிடைக்கும். அதே நபர் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதிக்கு வரும்போது அந்த ஆள் வாய் திறக்கக் கூடாது. ஆனால் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் கணினி மென்பொருளைப் பயன்படுத்திக்கொள்ள அவருக்கு இடமுண்டு. எழுதும் பகுதியிலும் இதே கணக்குதான். சொல்வதை எழுத இன்னொரு மனிதர் கூடாது, ஆனால் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் அவருடைய அன்றாட வேலை முறையாகவே இருந்து வந்தால் அனுமதிக்கப்படும்.

மனிதர் செய்தால் தவறு, இயந்திரம் செய்தால் சரி என்பது மேலோட்டமாகப் பார்த்தால் விசித்திரமாகத் தெரியும். இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் ஆங்கிலத்தில் அளக்கப்படுவது, ஒருவர் பிறர் துணையின்றித் தாமாகவே ஓர் எழுத்துப் பகுதியிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் ஆற்றல். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும்போது, அவருடைய குரலின் ஏற்ற இறக்கமும் அவர் நிறுத்தும் இடமும் அவர் அழுத்தும் சொல்லும் பொருளில் பாதியைக் கொடுத்துவிடும். மென்பொருளுக்கு அந்தப் புரிதல் கிடையாது; எதை மீண்டும் கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் தேர்வு எழுதுபவரே தீர்மானித்தாக வேண்டும். மேலும், மென்பொருளை அவர் நாளைக்கு வேலையிடத்திலும் வைத்துக்கொள்ளலாம், வாசித்துக் காட்டும் ஆளை வைத்துக்கொள்ள முடியாது. கணிதத்தில் அளக்கப்படுவது வாசிப்பு அல்ல என்பதால் அங்கே மனிதக் குரல் தடையாகாது.

இந்தத் தர்க்கம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது, என்றாலும் ஒரு தேர்வுக்கும் அதன் விலக்குகளுக்கும் உள்ள உறவு எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை. ‘விலக்கு’ என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு காரியங்கள் குறிக்கப்படுவதே குழப்பத்துக்குக் காரணம். ஒருவர் அந்தத் திறனை ஏற்கெனவே வேறொரு சான்றிதழால் நிரூபித்துவிட்டார் என்பதால் தரப்படும் விலக்கு ஒன்று. ஊனத்தின் காரணமாக அந்தத் திறனை அந்த வடிவில் அவரிடம் கேட்பதே நியாயமாகாது என்பதால் தரப்படுவது இன்னொன்று. அவர் நிரூபிக்கவும் இல்லை, தடையும் இல்லை, ஆனால் அவரிடம் இனிமேல் கேட்பதில்லை என்று அரசு முடிவெடுப்பது மூன்றாவது. கடந்த கால் நூற்றாண்டில் இந்த மூன்றும் ஒன்றன் மீது ஒன்றாகப் படிந்துவிட்டன.

தொடக்கத்தை 1999-இல் வைக்கலாம். அந்த ஆண்டு சர் கிளாஸ் மோசர் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, இங்கிலாந்தின் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், அதாவது சுமார் 70 லட்சம் பேர், பதினொரு வயதுக் குழந்தையிடம் எதிர்பார்க்கப்படும் எழுத்தறிவுகூட இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. தொலைபேசி மஞ்சள் பக்கங்களின் அகரவரிசைப் பட்டியலைக் கையில் கொடுத்தால், குழாய் பழுது பார்ப்பவர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்ற எடுத்துக்காட்டு பரவலாகப் பேசப்பட்டது. 2001-இல் டோனி பிளேர் அரசு ‘ஸ்கில்ஸ் ஃபார் லைஃப்’ என்ற திட்டத்தை அறிவித்து, 2010-க்குள் 22.5 லட்சம் பேரின் திறனை உயர்த்துவதாக இலக்கு வைத்தது. இலக்கை எண்ணால் வைத்துவிட்டால் சான்றிதழையும் எண்ணக்கூடியதாக ஆக்க வேண்டியிருக்கும். அப்படி வந்த தேசியத் தேர்வு, லெவல் 1, லெவல் 2 என்ற இரு நிலைகளிலும் நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்ற வடிவில் இருந்தது. எழுத்தறிவுச் சான்றிதழுக்கான அந்தத் தேர்வில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. எழுதும் திறனிலிருந்து ஒரு நாடே விலக்குப் பெற்றிருந்த காலம் அது என்று சொன்னால் மிகையாகாது. அதை யாரும் விலக்கு என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதே காலத்தில், 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘கீ ஸ்கில்ஸ்’ என்ற தகுதிகளும் நடைமுறைக்கு வந்திருந்தன. தகவல் தொடர்பு, எண் பயன்பாடு, தகவல் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. ஒவ்வொன்றுக்கும் வெளித் தேர்வு ஒன்றும், மாணவர் தம் படிப்பிலும் வேலையிலும் செய்தவற்றைத் திரட்டி வைக்கும் பணித்தொகுப்பு ஒன்றும் தேவைப்பட்டன. இங்குதான் ‘பதிலித் தகுதி’ என்ற கருத்து விரிவாக வேலை செய்தது. பள்ளி இறுதித் தேர்வான ஜி.சி.எஸ்.இ.-யில் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ நல்ல தரம் பெற்றிருந்தால், அது கீ ஸ்கில்ஸின் வெளித் தேர்வுக்குப் பதிலாக நிற்கும். பணித்தொகுப்புக்குப் பதிலாக நிற்காது. அறிந்திருப்பதைப் பள்ளித் தேர்வு காட்டிவிட்டது, அதைப் பயன்படுத்துவதை இனிமேல்தான் காட்ட வேண்டும் என்பது அதன் உட்பொருள். யோசித்துப் பார்த்தால் இது நேர்த்தியான பாகுபாடு. ஆனால் நடைமுறையில், வெல்டிங் கற்க வந்த பத்தொன்பது வயது இளைஞர் தாம் ஏற்கெனவே தேறிய பாடத்துக்காக ஒரு கோப்பைக் காகிதங்களால் நிரப்புவதில் அர்த்தம் காணவில்லை, அவருக்குப் பயிற்சி அளித்தவர்களும் காணவில்லை.

பதிலித் தகுதிக்குக் காலாவதி உண்டா என்பது அடுத்த சிக்கல். அப்ரென்டிஸ் எனப்படும் தொழிற்பயிற்சிக்கு வருபவர் தம் ஜி.சி.எஸ்.இ. தரத்தைக் காட்டி விலக்குக் கேட்டால், அது ஐந்து ஆண்டுகளுக்குள் பெறப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. பயன்படுத்தாத திறன் மங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவுகோலைப் பள்ளித் தேர்வுக்கு மட்டும் வைத்துவிட்டு, மற்ற சான்றிதழ்களை வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாக வைத்திருப்பது பொருந்தாது. பின்னர் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. இப்போது, ஜி.சி.எஸ்.இ. வருவதற்கு முன், 1988-க்கு முன் இருந்த பள்ளித் தேர்வுகளான ஓ லெவலில் சி அல்லது அதற்கு மேற்பட்ட தரமும், சி.எஸ்.இ.-யில் முதல் தரமும்கூட லெவல் 2-வுக்கு நிகராக ஏற்கப்படுகின்றன. இன்றைய சிக்கல் சான்றிதழின் வயது அல்ல, சான்றிதழே இல்லாமல் போவது. சொன்னால் போதாது, தாளைக் காட்ட வேண்டும். வீடு மாறியதில் தொலைந்த தாளுக்காக, அப்போது தேர்வு நடத்திய வாரியம் இப்போது எந்த நிறுவனத்துக்குள் கரைந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, கட்டணம் செலுத்தி நகல் பெற வேண்டும். லண்டன் பல்கலைக்கழகத்தின் பழைய தேர்வுப் பதிவுகள் இன்று பியர்சனிடமும், அசோசியேட்டட் எக்ஸாமினிங் போர்டின் பதிவுகள் ஏ.க்யூ.ஏ.-விடமும் இருக்கின்றன. தேர்வை மீண்டும் எழுதுவதே இதைவிட எளிது என்று முடிவெடுக்கும் நடுவயதுக்காரர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இந்தப் பதிலி வழி இன்னும் ஒரு படி நீள்கிறது. இலங்கையில் சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்றுவிட்டு லண்டனில் ஹாரோவுக்கோ ஈஸ்ட் ஹாமுக்கோ குடிவந்த ஒருவர், முன்பு நாரிக் என்றும் இப்போது ஈ.என்.ஐ.சி. என்றும் அழைக்கப்படும் அமைப்பிடமிருந்து, தம் தகுதி எதற்கு ஒப்பானது என்ற அறிக்கையைப் பெற்றுத் தர வேண்டும். தாய்மொழி ஆங்கிலம் அல்ல என்பது மட்டும் எந்த விலக்குக்கும் காரணமாகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேற்றுமொழியினருக்கான ஆங்கில வகுப்புகள் தனிப் பாதை. அதில் பெறும் சான்றிதழ் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2-வுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. நம் மக்களில் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

கீ ஸ்கில்ஸின் இடத்தைப் பிடித்த ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் 2007 முதல் சோதனை முறையில் நடத்தப்பட்டு 2010-இல் முழுமையாக வந்தது. இன்று நாம் காணும் வடிவம் 2019 செப்டம்பரில் திருத்தி அமைக்கப்பட்டது. என்ட்ரி லெவலில் மூன்று படிகள், அவற்றுக்கு மேல் லெவல் 1, லெவல் 2 என்று ஐந்து நிலைகள். தரவரிசை கிடையாது, தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை மட்டுமே. ஆங்கிலத்தில் வாசித்தல், எழுதுதல், பேசுதலும் கேட்டலும் என்ற மூன்று பகுதிகளிலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றில் அள்ளிய மதிப்பெண் இன்னொன்றின் குறையை நிரப்பாது. லெவல் 1-லும் 2-விலும் வாசிப்பையும் எழுத்தையும் சிட்டி அண்ட் கில்ட்ஸ், பியர்சன், என்.சி.எஃப்.இ. போன்ற சான்றளிக்கும் அமைப்புகளே தயாரித்துத் திருத்துகின்றன. பேச்சுப் பகுதியைப் பயிற்சி மையமே மதிப்பிடுகிறது. எழுதும் பகுதியில் எந்த நிலையிலும் அகராதியோ எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருளோ கூடாது. பழைய வடிவத்தில் இவற்றுக்கு இருந்த தளர்வு திருத்தத்தின்போது எடுக்கப்பட்டது. கணிதத்தில் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு கால்குலேட்டர் இல்லாமல் விடையளிக்க வேண்டிய கேள்விகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு பருவம் என்று காத்திருக்காமல் தயாரானபோது எழுதலாம் என்பதும், தவறிய பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம் என்பதும் ஜி.சி.எஸ்.இ.-யிலிருந்து இதை வேறுபடுத்தும் முக்கியமான இயல்புகள்.

இப்போது இரண்டாம் வகை விலக்குக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், ஊனமுள்ளவர்களுக்குத் தேர்வில் நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தருமாறு சான்றளிக்கும் அமைப்புகளைக் கட்டாயப்படுத்துகிறது. கூடவே, எந்த இடத்தில் அந்த ஏற்பாடு எல்லை மீறி அளவையே கெடுத்துவிடும் என்று வரையறுக்கும் அதிகாரத்தை அதன் 96-ஆம் பிரிவு தேர்வுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்குவாலுக்குத் தருகிறது. கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில், தனி அறை போன்றவை அளவைத் தொடாத ஏற்பாடுகள். செவித்திறன் குறைந்தவர் பேச்சுப் பகுதியில் பிரிட்டிஷ் சைகை மொழியைப் பயன்படுத்தலாம், உரையாடலில் பங்கேற்பவர்கள் எல்லோருக்கும் அது புரியும்படி ஏற்பாடு இருந்தால். இவையெல்லாம் செய்தும் ஒரு பகுதியின் எந்தக் கூறையும் ஒருவரால் அணுகவே முடியாது என்ற நிலை வந்தால் மட்டுமே, கடைசி வழியாக, அந்தப் பகுதியிலிருந்து முழு விலக்குத் தரப்படும். பாதிப் பகுதியிலிருந்து விலக்கு என்பது இல்லை. முழுத் தேர்விலிருந்தும் விலக்கு இல்லை. ஏதாவது ஒன்றையாவது காட்டாமல் சான்றிதழ் பெற முடியாது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளை அறிந்த வாசகருக்கு இது பழக்கமான நிலம்தான். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகைகள் அங்கும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் அடியில் உள்ள எண்ணம் வேறு. மொழிப்பாட விலக்கு ஒரு பாடத்தையே எடுத்துவிட்டு மற்றவற்றைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுகிறது. சான்றிதழ் பல பாடங்களின் தொகுப்பு என்பதால் அது முடிகிறது. ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் ஆங்கிலத்தில் மொழியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்தால் மிச்சம் இருப்பதற்கு அதே பெயர் பொருந்துமா என்ற கேள்வி எழாமல் போகாது. ஆங்கிலேயர்கள் அதற்குக் கண்டுபிடித்த விடை, விலக்குப் பெற்றதைச் சான்றிதழிலேயே குறித்துவிடுவது. வேலை கொடுப்பவருக்கு இது நேர்மையான தகவல். சான்றிதழ் பெறுபவருக்கோ, தம் ஊனத்தை ஒவ்வொரு நேர்காணலிலும் தாமாகவே அறிவித்துக்கொள்வது போன்ற சங்கடம். இரண்டில் எதற்கு முன்னுரிமை என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. ஆனால் குறிப்பு எழுதும் அவசியம் மென்பொருளைப் பயன்படுத்தியவருக்கு வராமல், விலக்குப் பெற்றவருக்கு மட்டும் வருவதைக் கவனிக்கும்போது, வாசித்துக் காட்டும் ஆளைத் தடுத்த அந்த முதல் விதியின் பயன் புலப்படுகிறது. அளவைக் காப்பாற்றிக்கொண்டே வழிவிடும் ஏற்பாடு எவ்வளவு விரிகிறதோ, அந்த அளவுக்குக் குறிப்புடன் கூடிய சான்றிதழ்கள் குறையும்.

தொழிற்பயிற்சியாளர்களுக்கு இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. கற்றல் குறைபாடு உள்ள இளைஞர் ஒருவர் சமையற்கூடத்திலோ தோட்ட வேலையிலோ சிறந்து விளங்கினாலும், ஆங்கில, கணிதச் சான்றிதழ் இல்லாததால் தொழிற்பயிற்சியை முடிக்க முடியாத நிலை இருந்தது. பெருமூளை வாதமும் வலிப்பு நோயும் கொண்ட, அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பால் மேனார்டின் தலைமையில் 2016-இல் அமைந்த குழு, அத்தகையோருக்கு மட்டும் குறைந்தபட்சத் தேவையை என்ட்ரி லெவல் 3 ஆகத் தளர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கும் வந்தது. சைகை மொழியை முதல் மொழியாகக் கொண்டவர்கள் ஆங்கிலச் சான்றிதழுக்குப் பதிலாகப் பிரிட்டிஷ் சைகை மொழித் தகுதியைக் காட்டலாம் என்ற மாற்றமும் அதையொட்டி வந்தது. இரண்டுமே விலக்கு அல்ல, அளவுகோலை நகர்த்துவது என்று சொல்வதே சரி. தேர்வு எழுதியே ஆக வேண்டும், ஆனால் ஏறக்கூடிய படியில்.

இந்தத் தேர்வுகளின் நடுவே மிகப் பெரிய முரண்பாடு ஒன்றைப் பதினாறு முதல் பதினெட்டு வயது வரையிலான கல்லூரி மாணவர்களிடம் காணலாம். பேராசிரியர் அலிசன் வுல்ஃப் 2011-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2014 ஆகஸ்ட் முதல், ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேறாதவர்கள் பதினாறு வயதுக்குப் பின்னும் அவற்றைப் படிப்பதைத் தொடர வேண்டும் என்பது கல்லூரிகளுக்குப் பணம் தருவதற்கான நிபந்தனை ஆயிற்று. இப்போது எண்களால் தரப்படும் தரங்களில் (பெரிய எண்ணே உயர்ந்தது) தேர்ச்சிக்குத் தரம் 4 வேண்டும். தரம் 2 அல்லது அதற்குக் கீழ் பெற்றவர் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 எழுதலாம், அதில் தேறிவிட்டால் கடமை முடிந்தது. ஆனால் தரம் 3 பெற்று, முழு நேரமாகப் படிப்பவர் ஜி.சி.எஸ்.இ.-யையே மீண்டும் எழுத வேண்டும்; லெவல் 2 அவருக்குப் பதிலாகாது. அதாவது, கொஞ்சம் நன்றாகப் படித்தவருக்கு எளிய வழி மூடப்படுகிறது, குறைவாகப் பெற்றவருக்குத் திறக்கிறது. அதே தரம் 3 மாணவர் கல்லூரியை விட்டுத் தொழிற்பயிற்சிக்குப் போய்விட்டால், மறுநாளே ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் அவருக்கும் போதுமானது. ஒரே திறன், ஒரே சான்றிதழ், ஒரே ஆள். சேர்ந்த இடம் மாறியதும் அதன் மதிப்பு மாறிவிடுகிறது. கணிதத்தை இப்படி மீண்டும் எழுதுபவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அண்மை ஆண்டுகளில் தரம் 4-ஐ எட்டுகிறார்கள் என்பதை நினைத்தால், இந்த விதியை இத்தனை காலம் காப்பாற்றி வருவதற்கு, ஜி.சி.எஸ்.இ.-யின் பெயருக்குச் சமூகத்தில் உள்ள மதிப்பைத் தவிர வேறு காரணம் தேடுவது கடினம்.

வேல்ஸ் இதற்கு வெளியே நின்று 2010 முதல் ‘எசென்ஷியல் ஸ்கில்ஸ் வேல்ஸ்’ என்ற தன் சொந்தத் தகுதியை நடத்துகிறது. கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் செய்யும் பணி ஒன்றையும், அதை உறுதிப்படுத்தும் தேர்வு ஒன்றையும் இணைத்து அங்கே மதிப்பிடுகிறார்கள். பழைய பணித்தொகுப்பின் நல்ல கூறைத் தக்கவைத்துக்கொண்டு, அதன் காகிதச் சுமையைக் குறைக்கும் முயற்சி என்று இதைப் படிக்கலாம்.

மூன்றாம் வகை விலக்கு மிக அண்மையது. 2025 பிப்ரவரியில் இங்கிலாந்து அரசு, தொழிற்பயிற்சி தொடங்கும்போது பத்தொன்பது வயதைக் கடந்திருப்பவர்கள் அதை முடிப்பதற்கு ஆங்கில, கணிதச் சான்றிதழ் பெற வேண்டியதில்லை என்று அறிவித்தது. பெற வைப்பதா வேண்டாமா என்பதை முதலாளியே தீர்மானிப்பார். இதனால் ஆண்டுக்கு 10,000 பேர் வரை கூடுதலாகத் தொழிற்பயிற்சியை முடிப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு. முதலாளிகள் வெகு காலமாகக் கேட்டு வந்ததுதான் இது. வேலையில் தேறியவரை ஒரு கணிதத் தாள் தடுத்து நிறுத்துவதை யாரும் ரசிக்கவில்லை. ஆனால் முந்தைய இரண்டு வகைகளிலும் திறன் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. வேறு இடத்தில் நிரூபிக்கப்பட்டது, அல்லது நியாயமாகக் கேட்க முடியாது. இதில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. லெவல் 2 வரையிலான ஆங்கிலமும் கணிதமும் தகுதி இல்லாத பெரியவர்களுக்கு இலவசம் என்ற சட்டப்படியான உரிமை அப்படியே இருக்கிறது என்றாலும், வேலை நேரத்தில் கட்டாயமாக இருந்த வகுப்புக்கும் மாலையில் தாமாகப் போக வேண்டிய வகுப்புக்கும் இடையே உள்ள தொலைவு, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இதில் வயதைக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. தேர்வு நாளிலோ பயிற்சி முடியும் நாளிலோ உள்ள வயது கணக்கில் வராது. பயிற்சி தொடங்கிய நாளின் வயதே கணக்கு. ஒரே பட்டறையில், ஒரே வேலைக்கு, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு சேர்ந்த பெண் பயிற்சியை முடிக்கும்போது இருபத்தொரு வயதாக இருந்தாலும் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். அந்தப் பிறந்தநாளுக்கு மறுவாரம் சேர்ந்த அவருடைய தோழி காட்ட வேண்டியதில்லை.